கழுநீரும் கழிவுநீரும்

அரிசி களைந்த நீருக்குக் கழுநீர் என்று பெயர். நம் முன்னோர் அதனைக் கொட்டிவிடாமல், தொட்டியில் சேர்த்து மாட்டுக்கு வைத்தனர். பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடத்திற்கு அங்கணம் என்று பெயர். திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில் இச்சொல் வருகிறது. அந்நீர் செல்லும் வழியில் வாழை வைப்பது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வழக்கம். வீட்டில் பயன்பட்ட நீரெல்லாம் ஒரே தன்மையதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்றோ குளித்த நீர், துவைத்த நீர், மலநீர் ஆகிய யாவற்றையும் கழிவுநீர் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்.

மழைக்குக் குறைவில்லாத நம் நாட்டில் இந்த ஆராய்ச்சி எதற்கு எனச் சிலர் வினவலாம். 1998இல் கிள்ளான் பள்ளத்தாக்கிலும், 2014இல் சிலாங்கூரிலும் நீர்ப் பங்கீடு நடைபெற்றது. சிங்கப்பூர் நீரெடுக்கும் ஜொகூர் ஆற்றுக்குத் துணையான லிங்கியூ நீர்த்தேக்கம், 2016 அக்டோபரில் தன் கொள்ளளவில் 20 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. அத்தகைய நாள்களில் முதலில் வாடுவது வீட்டுத் தோட்டமே. அப்பொழுது கண்ட நீரையெல்லாம் செடிக்கு ஊற்றுவதும் தவறு; எல்லாவற்றையும் சாக்கடையில் விடுவதும் தவறு. பிரித்தறிதலே வேண்டுவது.

அரிசி, காய்கறி கழுவிய நீரைத் தயக்கமின்றிச் செடிக்கு ஊற்றலாம். குளித்த நீரையும், துணி அலசிய கடைசி நீரையும் அளவறிந்து ஊற்றலாம். எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய நீர் ஆகாது; அதிலுள்ள கொழுப்பு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். குழந்தையின் அணையாடை அலசிய நீரும், நோயாளியின் துணி துவைத்த நீரும் கிருமி உடையவை. அவை மலநீரோடு சேரவேண்டியவை.

சவுக்கார நீரில் என்ன கேடு? சவுக்காரக் கட்டி எரிசோடாவினால் செய்யப்படுவது. சலவைத் தூள்கள் பலவற்றிலும் சோடிய உப்புகள் உண்டு. களிமண்ணின் நுண்துகள்களை ஒன்றுசேர்த்துப் பொலபொலவென்று வைத்திருப்பது சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம். சோடியம் மிகுந்தால் அது கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன. நீரும் காற்றும் வேருக்குச் செல்லாமல், மண் காய்ந்தபின் இறுகிப்போகிறது. நிலத்தில் இவ்வுப்பைப் பெருமழை கழுவிச் செல்லும். மழை படாத மாடத்துத் தொட்டிச் செடிக்கு அந்த வாய்ப்பில்லை. ஆதலின் தொட்டிகளுக்கு ஒருமுறை அலசிய நீரும், மறுமுறை நல்ல நீரும் மாற்றி ஊற்றுதல் நலம். வெளுப்பு மருந்தோ வெங்காரமோ கலந்த நீரை எந்தச் செடிக்கும் ஊற்றலாகாது.

சவுக்கார நீர் காரத்தன்மை உடையது. வாழை, தென்னை போன்றவை இதை ஓரளவு தாங்கும். புளிப்பு மண்ணை விரும்பும் வெட்சி தாங்காது. காரம் மிகுந்தால் மண்ணிலுள்ள இரும்புச் சத்தை அதன் வேர் எடுத்துக்கொள்ள இயலாமல், நரம்பு பச்சையாக இருக்க இளந்தளிர் மஞ்சளாகும். நீரை மாற்றவேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி.

அடுத்தது காலம். குளித்த நீரை ஒரு நாளுக்கு மேல் சேமித்து வைத்தலாகாது. அதிலுள்ள அழுக்கைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகும், நீர் நாற்றமெடுக்கும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நீரை மிச்சப்படுத்தப் போய் நோயை வளர்த்தல் அறிவுடைமையன்று.

ஊற்றும் முறையும் உண்டு. இலையின்மேல் தெளியாமல் மண்ணில் ஊற்றவேண்டும். பச்சையாக உண்ணும் வல்லாரை, புதினா, மலாய்க்காரர் உலாமாக உண்ணும் இலைகள், முள்ளங்கி போன்ற கிழங்குகள் ஆகியவற்றுக்கு இந்நீர் வேண்டா. நிலம் உள்ளவர்கள் ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமுமாகக் குழி வெட்டி, சருகும் சுள்ளியும் நிரப்பி, சுற்றிலும் வாழையும் பப்பாளியும் நடலாம். நீர் சருகுக்கடியில் இறங்கவேண்டும். மேலே குளமாகத் தேங்கினால் ஊற்றும் அளவு மிகுதி என்று பொருள்.

பள்ளியில் இதனை எளிதாகச் செய்து காட்டலாம். ஒரே மண் நிரப்பிய மூன்று தொட்டிகளில் வெண்டை விதைத்து, ஒன்றுக்கு நல்ல நீரும், ஒன்றுக்குத் துணி அலசிய கடைசி நீரும், மற்றொன்றுக்குச் சவுக்காரம் மிகுந்த முதல் நீரும் சம அளவில் ஊற்றிவரச் செய்யலாம். மூன்று வாரங்கள் மாணவர் செடியின் உயரத்தையும், இலையின் நிறத்தையும், நீர் மண்ணில் இறங்க எடுக்கும் நேரத்தையும் குறித்து வரட்டும். வாளியைச் சாக்கடையில் கவிழ்க்குமுன் இஃது எந்த நீர் என்று கேட்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு பரவ அக்குறிப்பேடே துணைசெய்யும்.