தேக்கம் எங்கே என்று தேடு

ஆள், இடம், கருவி, சரக்கு, நேரம் இவற்றை வீணாக்காமல் இணைத்து, வேண்டியதை வேண்டிய நேரத்தில் தருவதைக் கவனிப்பது செயல்பாட்டு மேலாண்மை. பாடநூல்கள் இதைப் பெரும்பாலும் கார் தொழிற்சாலையை வைத்து விளக்கும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதைவிடத் தெளிவான உதாரணம்.

எந்த வேலையும் அதன் மிக மெதுவான கட்டத்தின் வேகத்தில்தான் நகரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, வேலை எங்கே தேங்குகிறது என்பதே. கண்புரை சிகிச்சையில் அரிதாகக் கிடைப்பது அறுவை மருத்துவரின் நேரம். படுக்கைகளை மட்டும் கூட்டினால் காத்திருப்போர்தான் கூடுவார்கள். அரவிந்தில் இரண்டு அறுவை மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளியின் கண்ணைச் சுத்தம் செய்து, துணி போர்த்தி, கருவித் தட்டையும் தயாராக வைத்துவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் மைக்ராஸ்கோப் அந்தப் பக்கம் திரும்பும், டாக்டரும் திரும்புவார். டாக்டர் அவசரப்படுவதில்லை, அவர் சும்மா நிற்கும் நேரம்தான் குறைகிறது. இந்த முன்வேலைகளைச் செய்பவர்கள், பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். யார் எதை எந்த வரிசையில் செய்வது என்பது முன்பே முடிவாகியிருப்பதால், ஆள் மாறினாலும் வேலை மாறுவதில்லை.

அடுத்தது தேவை. நோயாளிகள் ஒருநாள் குவிந்து மறுநாள் வராமல்போனால் இத்தனை ஏற்பாடும் வீண். கிராமங்களில் முன்கூட்டியே திட்டமிட்டு நடத்தும் கண் முகாம்கள் அந்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கின்றன. அறுவை தேவைப்படுவோர் பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்து வரப்படுகிறார்கள். சரக்கிலும் இதே கவனம் உண்டு. கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற அமைப்பைத் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் தயாரித்தார்கள். விலை பல மடங்கு இறங்கியது.

வேகம் கூடினால் தரம் குறையுமோ என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக, அறுவையில் நேரும் சிக்கல்கள் பதிவு செய்யப்பட்டு, காரணம் ஆராயப்படுகிறது. தவறிய ஒரு கண்ணுக்கு மறு அறுவை செய்வதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு. நோயாளிக்கு அது பணத்தோடு முடிவதுமில்லை.

கணக்குக்கு வந்தால், மைக்ராஸ்கோப்புக்கும் அறுவை அரங்குக்கும் போட்ட முதல் மாறாது. அறுவைகள் கூடக்கூட ஒரு கண்ணுக்கு ஆகும் செலவு இறங்கும். அதனால்தான் வசதியுள்ளவர்கள் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டே, ஏராளமானோருக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் அறுவை செய்ய முடிகிறது.