தலைக்காயத்திற்குப் பின்: மாறும் மனமும் உறவுகளும்

தலையில் பலத்த காயமடைந்து தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்டு வருபவரைக் குடும்பம் பெரும் நிம்மதியோடு வீட்டிற்கு அழைத்துச் செல்கிறது. தையல் பிரித்தாயிற்று, நடக்கிறார், உண்கிறார், பேசுகிறார். சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்கு வரும்போது, மனைவியோ தாயோ தயங்கியபடி எங்களிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "டாக்டர், உடம்பு தேறிடுச்சு. ஆனா இவர் பழைய மாதிரி இல்லை." இந்தத் துயரம் உண்மையானது. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் அதைத் தாங்குவதும், நோயாளிக்கு உதவுவதும் எளிதாகும்.

மாற்றம் ஏன் ஏற்படுகிறது?

விபத்தின் வேகத்தில் மூளை மண்டையோட்டின் உட்புறத்தில் மோதுகிறது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மடலும் காதுகளை ஒட்டிய பகுதிகளும் இதில் எளிதில் காயமடைகின்றன. கோபத்தை அடக்குதல், யோசித்துப் பேசுதல், ஒரு வேலையைத் தானாகத் தொடங்குதல், பிறர் முகக்குறிப்பை உணர்தல் ஆகியவற்றில் இப்பகுதிகளுக்குப் பெரும் பங்குண்டு. ஆகவே கீழ்க்காணும் மாற்றங்களைக் காயத்தின் அறிகுறிகளாகவே கொள்ள வேண்டும்.

• சிறு தடங்கலுக்கும் வெடிக்கும் சினம்.
• ஊக்கமின்மை. குளிக்கச் சொன்னால் குளிப்பார். சொல்லாவிடில் மாலைவரை அமர்ந்திருப்பார். இதைச் சோம்பல் என்று பலர் தவறாகக் கருதுகின்றனர்.
• விருந்தினர் முன் தகாத சொற்கள், கணக்கற்ற செலவு.
• மனநிலைக்குப் பொருந்தாத திடீர் அழுகை அல்லது சிரிப்பு. இதற்கு மருந்து உண்டு.
• தம் மாற்றத்தைத் தாமே அறியாமை. "எனக்கு ஒன்றுமில்லை, வண்டிச் சாவியைக் கொடு" என்பவர் பொய் சொல்லவில்லை. தம் குறையை உணரும் திறனே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

ஒழுங்கின் வலிமை

1848-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில் பாதைப் பணியில் தொழிலாளர்களுக்குத் தலைவராயிருந்த ஃபினியஸ் கேஜ் என்பவரின் தலையை, வெடி விபத்தில் ஒரு மீட்டருக்கும் நீளமான இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. உயிர் பிழைத்தார், ஆனால் அவருடைய குணம் மாறிவிட்டதென நண்பர்கள் வருந்தினர். ஆயினும் பின்னாளில் அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் பயணிகள் குதிரைவண்டி ஓட்டி வாழ்ந்தார். அன்றாடம் ஒரே முறையில் அமைந்த அப்பணி அவரைச் சீராக்க உதவியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

உங்கள் வீட்டிலும் எழுதல், குளித்தல், உணவு, பயிற்சி, ஓய்வு ஆகியவற்றுக்கு நேரம் வகுத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். சினம் எழும்போது வாதிடாதீர்கள். தொலைக்காட்சியை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, சற்று விலகி நில்லுங்கள். பசி, களைப்பு, இரைச்சல், பலர் ஒருசேரப் பேசுதல் ஆகியவற்றில் எது சினத்தைத் தூண்டுகிறது என்று குறித்து வாருங்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை வாகனம் ஓட்டக் கூடாது. மது வலிப்பைத் தூண்டக்கூடும். அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

உற்றார், நண்பர், குழந்தைகள்

முதல் மாதத்தில் வீடு நிறைய வந்த நண்பர்கள் மெல்லக் குறைந்துபோவார்கள். எப்படிப் பழகுவதென்று அறியாததே பெரும்பாலும் காரணம். "இருவராக வாருங்கள், அரை மணி நேரம் இருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். திருமணத்திற்குச் செல்வதானால் மேளமும் கூட்டமும் பெருகுமுன் சென்று, ஓரமாக அமர்ந்து, வாழ்த்திவிட்டுத் திரும்பலாம். "பழைய ஆள் இல்லையே" என்று அவர் காதுபட யாரும் பேச வேண்டாம்.

தந்தையின் சினத்திற்குத் தாமே காரணமென்று குழந்தைகள் எண்ணிக்கொள்வதுண்டு. "அப்பாவுக்கு மூளையில் அடிபட்டிருக்கிறது, நீ எந்தத் தவறும் செய்யவில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பராமரிப்பவரின் நலம்

"உயிரோடு கிடைத்ததே பெரிது, குறை சொல்லலாமா?" என்று எண்ணிப் பல மனைவியர் வாய் திறப்பதில்லை. அருகிலேயே இருப்பவரை இழந்ததுபோல் உணர்வது நன்றிகெட்ட செயலாகாது. வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை வேறு உறவினரிடம் ஒப்படைத்து ஓய்வெடுங்கள். அடிக்கும் அளவுக்குச் சினம் முற்றினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்பான இடத்திற்குச் சென்று, எங்களுக்குத் தெரிவியுங்கள்.

எப்போது உதவி நாட வேண்டும்?

தொடர்ந்த சோகம், உறக்கமின்மை, உணவில் வெறுப்பு ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் காணுங்கள். புதிய தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு, தற்கொலைப் பேச்சு ஆகியவற்றுக்கு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் விரைவாக இருக்கும். அதன் பின்னரும் பல ஆண்டுகள் மெல்லத் தொடரும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது உங்கள் குறிப்பேட்டையும் கொண்டு வாருங்கள். மருத்துவரிடம் தனியே சில நிமிடங்கள் பேச விரும்பினால் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.