உப்புத் தண்ணியில் டெங்கு நுளம்பு வருமா?



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிழக்குக்குப் போன குடும்பங்கள் பல. மட்டக்களப்புப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். "இங்க தண்ணி உப்பு, டெங்கு நுளம்பு வராது" என்று அங்கே சொல்வார்கள். நாமும் நம்பினோம். அது நல்ல தண்ணீரில்தான் பெருகும் என்றல்லவா படித்தோம்!

யாழ்ப்பாணம், மட்டக்களப்புக் கரையோரங்களில் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள் 2011இல் வேறு கதை சொன்னார்கள். கைவிட்ட தோணி, பாவிக்காத கிணறு, எறிந்த பிளாஸ்டிக் கோப்பை என்று கரையோரத்தில் தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகள் இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள தண்ணீரிலும் இருந்தன. கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான்! (அலையடிக்கும் வாவியை நாம் சொல்லவில்லை.)

அப்படியானால் நுளம்பு உப்புக்குப் பழகிவிட்டதா? உடம்பு ஓரளவு ஒத்துப்போவது உண்மைதான். ஆனால் முக்கியமான விசயம் வேறு. ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒரேமாதிரி இல்லையே, குடம்பிகளும் அப்படித்தான். உப்பு ஏறும்போது பல செத்துப்போகும். பிறவியிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தாங்கக்கூடிய சில தப்பும். தப்பியதுதான் முட்டையிடும், அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும். முட்டை பொரித்துப் பத்து நாளில் நுளம்பு பறந்துவிடும் என்றால், ஒரு வருசத்தில் எத்தனை தலைமுறை, நீங்களே கணக்குப் பாருங்க!

இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். 1859இல் சார்ல்ஸ் டார்வின் நூலாக எழுதியது. பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஆள் பிரிக்கிற மாதிரி இங்கே யாரும் உட்கார்ந்து பிரிப்பதில்லை. சாவதும் தப்புவதும்தான் தேர்வு. தலைமுறை தலைமுறையாக இப்படி இனம் மாறி வருவது கூர்ப்பு.

மருந்துக்கும் இதே கதைதான். டி.டி.டி. தெளித்து, 1963இல் இலங்கை முழுவதும் மலேரியா நோயாளர் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. தெளிப்பதை நிறுத்தியதும் நோய் திரும்பியது. 1969இல் பார்த்தால் மலேரியா நுளம்பு டி.டி.டி.யையே தாங்கியது. பிறகு மலத்தியன் தேவைப்பட்டது. 2016இல்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

ஆகவே, மட்டக்களப்புச் சொந்தங்களுக்குச் சொல்லுங்க: தண்ணி கரிக்குதென்று விட்டுவிட வேண்டாம். பழைய தோணியைக் கவிழ்த்துப் போடணும், பாவிக்காத கிணற்றுக்கு வலை கட்டணும். நம்ம லயத்துப் பெரலையும் வாரம் ஒருதரம் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்க. முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணியை ஊற்றினால் மட்டும் போகாது.