பில்ஸ்னரும் பாலாற்று நீரும்

பியர் வகைகளுள் மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டு செய்யப்படுவதும், செய்முறையில் நேரும் சிறு பிழையைக்கூட மறைக்க இடந்தராததும் பில்ஸ்னர் என்னும் வெளிர்பொன் நிறப் பியரே ஆகும். முளைகட்டிக் காயவைத்த பார்லியாகிய மால்ட், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியின் பூ, சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட், நீர் ஆகிய நான்கே அதன் பொருள்கள்; வறுத்த மால்ட்டின் கருகல் மணமோ பழவாசனையோ அதில் இல்லாமையால், ஏதேனும் ஒன்று கெட்டிருந்தால் முதல் மிடற்றிலேயே தெரிந்துவிடும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகவே இருப்பதால், ஜெர்மன் பாணிப் பில்ஸ்னரை வீட்டில் காய்ச்சும் முறையை ஆராயப் புகும் எவரும் இறுதியில் தம் ஊர் நீரையே ஆராய வேண்டியவராகிறார். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் பாலாறும் அருகருகே செல்லும் மாதனூரை எடுத்துக்கொண்டு அந்த ஆராய்ச்சியைச் செய்தால், சட்டம், வெப்பம், நீர் என மூன்று தடைகள் எதிர்ப்படுகின்றன. அவற்றுள் கடைசித் தடையே மற்ற இரண்டையும் விடப் பெரியது.

சட்டம்

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமாகும். இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 இல் இயற்றிய மதுவிலக்குச் சட்டம் அவ்வாண்டு அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்து, அடுத்து சித்தூர், கடப்பா மாவட்டங்களுக்கும், 1939 இல் மாதனூர் அப்போது அடங்கியிருந்த வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் வந்து, 1981 இல் மறுபடி தளர்த்தப்பட்டு, 1983 இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குச் சென்ற பின்னும், தனியார் தம் விருப்பப்படி மது தயாரிப்பதற்கு உள்ள தடை நீங்கவில்லை. மரத்திலிருந்து இறக்கும் கள்ளுக்கே 1987 முதல் தடை நிலவும் மாநிலத்தில் வீட்டுப் பியருக்கு விலக்கு இருக்க வழியில்லை. பிரிட்டன் 1963 இல் வீட்டுப் பியருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்காவில் 1978 இல் இயற்றப்பட்ட சட்டம், இரு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர் வரை வரியின்றிக் காய்ச்சிக்கொள்ள இடமளித்தது. ஆகவே கீழே விவரிக்கப்படும் முறை, அது அனுமதிக்கப்பட்ட நாடுகளில் வழங்கும் முறை என்றே கொள்ளத்தக்கது.

பில்சன் நகரின் நீர்

இன்றைய செக் குடியரசில் உள்ள பில்சன் நகரின் குடிமக்கள், உள்ளூர்ப் பியரின் தரக்கேட்டைப் பொறுக்க முடியாமல் 1838 இல் 36 பீப்பாய்ப் பியரை நகர மன்றத்தின் முன் கொட்டிக் கவிழ்த்தனர் என்றும், அதன்பின் பொதுவில் ஓர் ஆலை கட்ட முடிவெடுத்தனர் என்றும் அந்நகர வரலாறு கூறுகிறது. அந்த ஆலைக்கென பவேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட யோசெஃப் கிரோல் என்பவர் 1842 அக்டோபர் 5 ஆம் நாள் முதல் முறையாகக் காய்ச்சிய பியரே உலகெங்கும் பரவிய பில்ஸ்னரின் மூலமாகும். புகை படாமல் வெப்பக்காற்றில் காயவைத்ததால் நிறம் வெளுத்த மால்ட், அருகிலுள்ள ஸாட்டெட்ஸ் பகுதியின் ஹாப்ஸ், குளிரில் வேலைசெய்யும் பவேரிய ஈஸ்ட் ஆகிய மூன்றும் அவர் கையில் இருந்தன. நான்காவதாகிய நீர் மட்டும் அந்நகரின் நிலம் தந்த கொடை. பில்சன் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, இன்று டி.டி.எஸ். என்று எல்லோரும் குறிப்பிடும் அளவு, லிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் மட்டுமே.

அந்தப் பியரைக் கண்ட ஜெர்மன் ஆலைகள் அதனைத் தம் பாணியில் இன்னும் வறட்சியாக, இன்னும் கூர்ந்த கசப்புடன் செய்யத் தொடங்கின. 1872 இல் நிறுவப்பட்ட ராடபெர்கர் ஆலை அவற்றுள் முன்னோடி. ஆனால் மியூனிக் நகரின் நீரில் சுண்ணாம்பின் பைகார்பனேட் மிகுதி என்பதால் அங்கே கருநிறப் பியரே நெடுங்காலம் சிறந்து விளங்கியது. பைகார்பனேட் காரத்தன்மை உடையது. வறுத்த மால்ட்டின் அமிலம் அதனைச் சமன்செய்துவிடும், வெளிர் மால்ட்டுக்கு அந்த வலு இல்லை. நீரைக் கொதிக்கவைத்தோ சுண்ணாம்பு சேர்த்தோ பைகார்பனேட்டை அடியில் படியவைக்கலாம் என்ற அறிவு பரவிய பிறகுதான் கடினநீர் ஊர்களிலும் வெளிர்நிறப் பியர் இயல்பாயிற்று.

காய்ச்சும் முறை

வீட்டில் காய்ச்சுவோர் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று கணக்கிடுகின்றனர். அதற்கு நாலிலிருந்து நாலரைக் கிலோ பில்ஸ்னர் மால்ட்டை, உமி சிதையாமல் உள்ளீடு மட்டும் உடையும்படி கொரகொரப்பாக உடைத்து, 64 முதல் 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கின்றனர். தானியம் முளைக்கும்போது அதற்குள் சுரக்கும் நொதிகள், அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்கள், இந்த வெப்பத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சும் கஞ்சி, சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட நீர்த்து இனிப்பாக இருப்பதற்கும் இதே நொதிகளே காரணம். இந்த ஊறலின் அமிலநிலை 5.2 முதல் 5.6 வரை இருந்தால்தான் நொதிகள் நன்கு வேலைசெய்யும். பி.எச். என்னும் அந்த அளவுகோலையே 1909 இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலை ஆய்வகத்தில் சோரன் சோரன்சன் உருவாக்கினார் என்பது நினைக்கத்தக்கது.

சர்க்கரை இறங்கிய சாற்றை வடித்து, ஒன்றரை மணி நேரம் மூடாமல் கொதிக்கவிட வேண்டும். வெளிர் மால்ட்டில் உள்ள ஒரு கந்தகச் சேர்மம் சூட்டில் சிதைந்து, வேகவைத்த மக்காச்சோள வாடையைத் தரும் ஆவியாகிறது. மூடிவைத்தால் அந்த ஆவி வெளியேற வழியின்றிப் பியரிலேயே தங்கிவிடும். கொதி வந்த சில நிமிடங்களில், திரிந்த பாலில் மிதப்பவை போன்ற வெளுத்த திப்பிகள் சாற்றில் சுழலத் தொடங்கும். அவை உமியின் டானின் பற்றிக்கொண்ட புரதங்கள் ஆகும். கொதியின் தொடக்கத்தில் இடும் ஹாப்ஸ் கசப்பையும், இறுதியில் இடும் ஹாலர்டாவ், டெட்னாங் போன்ற ஜெர்மன் ஹாப்ஸ் வகைகள் மணத்தையும் தருகின்றன.

ஆவாரம் பட்டையும் பார்லி உமியும்

டானின் என்பது பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளை அறிந்த மாதனூர்ப் பக்கத்துக்குப் புதியதன்று. தாவரங்களின் பட்டை, காய், உமி ஆகியவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தே டானின். ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த நீரில் பச்சைத் தோலை இட்டு வைத்தால், அந்தத் துவர்ப்புச் சத்து தோலின் கொலாஜன் என்னும் புரதத்தை இறுகப் பற்றி, அழுகக்கூடிய தோலை அழுகாத தோலாக்குகிறது. குரோமியம் உப்பைக் கொண்டு பதனிடும் முறை பரவும் வரை தமிழ்நாட்டின் தோல் தொழில் பெரிதும் இந்தப் பிணைப்பையே நம்பியிருந்தது. பியர்ப் பாத்திரத்தில் திப்பிகளை உண்டாக்குவதும் டானினும் புரதமும் கொள்ளும் அதே வகைப் பிணைப்புதான். தோல் பதனிடுபவர் அதனை நிலைநிறுத்த விரும்புகிறார், பியர் காய்ச்சுபவர் அது வண்டலாக இறங்கி வெளியேற வேண்டும் என்று விரும்புகிறார். உமியிலிருந்து டானின் அளவுக்கு மீறி இறங்கினால் பியரில் நாக்கை இழுக்கும் துவர்ப்பு நின்றுவிடும். மால்ட்டை அலசும் நீர் மிகச் சூடாகவோ காரமாகவோ இருந்தால் அவ்வாறு நேரும் என்பதால், இங்கும் கேள்வி நீரிடமே திரும்பி வருகிறது.

வெப்பம்

கொதித்த சாற்றை விரைந்து 10 டிகிரிக்குக் குளிர்வித்து ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். செப்புக் குழாய்ச் சுருளைச் சாற்றில் அமிழ்த்தி அதனுள் குழாய்நீரை ஓடவிடுவது மேலைநாட்டு வழக்கம். குழாய்நீரே 30 டிகிரியை ஒட்டி இருக்கும் வேலூர் வட்டாரத்தில் அது பாதி வேலையையே செய்யும், மீதிக்குப் பனிக்கட்டியும் குளிர்பெட்டியும் தேவைப்படும். பில்ஸ்னரின் ஈஸ்ட் சாதாரண ஈஸ்ட்டும் குளிர் தாங்கும் மற்றொரு காட்டு ஈஸ்ட்டும் கலந்து பிறந்த கலப்பினம். அந்தக் காட்டு ஈஸ்ட்டைத் தென் அமெரிக்காவின் படகோனியக் காடுகளில் கண்டறிந்ததாக 2011 இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். 9 முதல் 12 டிகிரியில் ஏறத்தாழ இரண்டு வாரம் நொதிக்கவிட்டு, முடியும் தறுவாயில் வெண்ணெய் வாடையை ஈஸ்ட்டே உறிஞ்சிக்கொள்ளும்படி இரண்டு மூன்று நாள் 16 டிகிரிக்கு ஏற்றி, பின்னர் உறைநிலையை ஒட்டிய குளிரில் நாலு முதல் எட்டு வாரம் கிடத்திவைத்தால், மீதத் திப்பிகளும் ஈஸ்ட்டும் படிந்து பியர் தெளிகிறது. ஏறக்குறைய ஐந்து விழுக்காடு ஆல்கஹால் உடைய பியர் அவ்வாறு கிடைக்கிறது.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் இவ்வளவு குளிரை இயற்கை தராது. ஆங்கிலேயர் தென்னிந்தியாவில் பியர் ஆலை நடத்த நீலகிரியை நாடியதும் குளிரை முன்னிட்டே ஆகும். 1857 இல் தொடங்கிய காசில் ஆலை உட்பட ஐந்து தென்னிந்திய ஆலைகளை இணைத்து 1915 இல் தாமஸ் லீஷ்மன் உருவாக்கியதே யுனைடெட் புரூவரீஸ் நிறுவனம். இன்று வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய பழைய குளிர்பெட்டி ஒன்றே இந்தத் தடையை நீக்கிவிடும்.

நீர்

மூன்றாவது தடைக்கு அத்தகைய எளிய மாற்று இல்லை. அதற்குக் காரணம் பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளே. பதனிடும் வரை கெடாதிருக்கத் தோல்களுக்கு உப்பிடுவதால், அவற்றை ஊறவைத்து அலசும் நீரோடு சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு பெருமளவில் வெளியேறுகிறது. அதன்பின் வரும் நிலைகளில் சுண்ணாம்பு, சல்ஃபைடு, குரோமியம் ஆகியன சேர்கின்றன. ஒரு கிலோ பதனிட்ட தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதாகவும், தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டதாகவும் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு பதிவுசெய்தது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறைகளும் வந்துள்ளன. ஆயினும் நிலத்தடியில் முன்பே இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை.

பில்ஸ்னர் காய்ச்சுபவரின் நோக்கில் இந்த உப்பு மியூனிக் நகரின் சுண்ணாம்பிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. பைகார்பனேட் கொதியில் படியும். சோடியமும் குளோரைடும் எவ்வளவு கொதித்தாலும் படியாமல், நீர் வற்ற வற்ற இன்னும் செறிவடையும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். பில்சன் நீரோடு ஒப்பிட்டால் முதல் வரம்பே பத்து மடங்கு, இரண்டாவது நாற்பது மடங்கு. உவர்நீரில் காய்ச்சிய பில்ஸ்னரில் ஹாப்ஸின் கூர்மையான கசப்பு முரட்டுக் கசப்பாகத் திரிந்து, அடிநாக்கில் கரிப்பு நிற்கும்.

எஞ்சும் வழி ஆர்.ஓ. எனப்படும் எதிர்ச்சவ்வூடு பரவல் மட்டுமே. மிக நுண்ணிய துளைகளுடைய சவ்வின் ஊடாக அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி உப்பைத் தடுத்து நிறுத்தும் இந்த முறையில் தூய்மையாக்கிய நீர், 20 லிட்டர் கேன்களில் வீட்டு வாசலுக்கே வருகிறது. பேனா வடிவில் உள்ள டி.டி.எஸ். மீட்டரை அதில் தோய்த்தால் திரையில் வரும் எண் பெரும்பாலும் பில்சன் நீரை ஒட்டியே இருக்கும். மால்ட் உறிஞ்சுவதும் கொதியில் ஆவியாவதும் போக 20 லிட்டர் பியருக்கு ஏறத்தாழ 30 லிட்டர் நீர் வேண்டும் என்பதால் ஒன்றரைக் கேன் போதும். நொதிகளுக்கும் ஈஸ்ட்டுக்கும் தேவையான கால்சியத்துக்காகச் சில கிராம் கால்சியம் குளோரைடு சேர்த்தால், நீரைப் பொறுத்தவரை மாதனூர் பில்சன் ஆகிவிடும்.

ஆனால் சவ்வு உப்பை அழிப்பதில்லை, பிரிக்கவே செய்கிறது. தடுத்து நிறுத்தப்பட்ட உப்பு முழுவதும் செறிந்த கழிவுநீராக வெளியேறி, பெரும்பாலும் அதே மண்ணுக்குத் திரும்புகிறது. பாலாற்றங்கரை ஊர்களின் குடிநீருக்காகக் காவிரி நீர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாய்வழி வருவதும் இந்த நிலைமையின் மற்றொரு பக்கமே. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது, பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகளைப் பற்றிய அந்த 1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பினால்தான். அதே பாலாற்று மாசு குறித்து உச்சநீதிமன்றம் 2025 சனவரியில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இதற்கிடையே ஒவ்வொரு கேனுக்கும் விலை கொடுத்துவருபவர் அதைக் குடிப்பவரே. சட்டத்தை அரசு ஓர் ஆணையால் தளர்த்தலாம், வெப்பத்தைக் குளிர்பெட்டியால் வெல்லலாம். 1842 இல் பில்சனில் கிரோல் விலையின்றிப் பெற்ற நீரை மட்டும் மாதனூர் விலைக்கே வாங்க வேண்டியிருக்கிறது, அந்த விலை யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதை நீதிமன்றம் முன்பே சொல்லியும்விட்டது.