தொடாமல் காணும் அழகு

ஆனி பிறந்து மழை வலுத்ததும் மும்பையின் குன்றுகள் பசுமை பூண்டுவிடுகின்றன. போரிவலியில் சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குக் குழந்தைகளுடன் செல்லும் அன்பர்கள், கான்ஹேரிக் குகைகளோடு வழியோரத்து இலைகளின் அடிப்புறத்தையும் சற்றுக் குனிந்து நோக்குவாராக. வண்ணப் புழுக்கள் அங்கே குடியிருக்கும்.

அவற்றுள் ஒன்றை ஈண்டு அறிமுகப்படுத்துவோம். இளம்பச்சை உடல், முதுகில் நீலக் கோடுகள், இருமருங்கும் வரிசையாக முட்கள். பராசா லெபிடா என்று அறிவியலார் பெயரிட்டுள்ள அந்துப்பூச்சியின் புழு இது. கால்கள் வெளியே புலப்படாமல் நத்தைபோல் வழுக்கி நகரும். தென்னை, மா, ஆமணக்கு முதலியவற்றின் இலைகளைத் தின்னும்.

இதன் முட்கள் உள்ளீடற்றவை. தோலில் பட்டவுடன் நுனி முறிந்து நஞ்சு உட்புகும், தீச்சுட்டாற்போல் எரியும். பகட்டான நிறங்கள் பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை என்பர். ஒருமுறை கொத்தித் துன்புற்ற பறவை அவ்வண்ணத்தை மறவாது. நம் குழந்தைகளோ அவ்வெச்சரிக்கையை அறியார். ஊர்த் தோட்டத்தில் பாட்டி "கம்பளிப்பூச்சி, கிட்டே போகாதே" என்று தடுத்தாள். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைக்கு அக்குரல் கேட்பதில்லை. பொம்மையென்று எண்ணி விரலை நீட்டிவிடும்.

முள் பட்டுவிட்டால் தேய்த்தல் கூடாது. ஒட்டுநாடாவை அவ்விடத்தில் ஒட்டிப் பிரித்தால் முறிந்த முட்கள் உடன் வரும். பின்னர் சோப்பிட்டு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைக்கலாம். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதியாது மருத்துவரை நாடுக.

படமெடுக்க விழைவோர் இலையைப் பறிக்கவோ கிளையை வளைக்கவோ வேண்டா. தாமே தாழ்ந்து, கைப்பேசியை ஒரு சாண் தொலைவில் நிறுத்தி, காற்று ஓயும்வரை பொறுத்திருப்பாராக. மேகம் மூடிய மழைக்கால ஒளியே இதற்கு ஏற்றது. நிறங்கள் வெளிறாமல் பதியும். கோடுகள் தெரிய மேலிருந்து ஒன்று, முட்கள் தெரியப் பக்கவாட்டில் ஒன்று, புழு தின்னும் செடி முழுவதும் தெரிய மற்றொன்று என மூன்று படங்கள் வேண்டும். செடியை அறிந்தால் புழுவின் இனத்தை அறிவது எளிதாகும்.

அச்சத்தால் மிதித்துக் கொல்லுதலும் தகாது. மழையோடு இப்பக்கம் வரும் சுடலைக்குயிலுக்கு மயிரடர்ந்த புழுக்கள் விருப்பமான உணவு. காட்டின் உயிர்கள் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன.

ஆகவே, பாட்டியின் சொல்லை நாமே சொல்வோம். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு, கண்ணால் மட்டும் காணப் பிள்ளைகளைப் பழக்குவோம். வீடு திரும்பியதும் அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்து, நிறங்களைத் தமிழில் சொல்லச் செய்வோம்.