கழுத்து வலிச்சா கிருமி தப்பிச்சிடும்!

போன லீவுல தென்னேரி போயிருந்தப்போ ஏரியிலிருந்து ஒரு சின்ன பாட்டில்ல தண்ணி எடுத்துட்டு வந்தேன். லேப்ல ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு, கவர் ஸ்லிப் மூடி, பாசி பார்க்க உட்கார்ந்தேன். 10எக்ஸ்-ல பச்சை இழை அழகாத் தெரிஞ்சது. 40எக்ஸ்-க்கு மாத்தினேன், எல்லாம் மங்கல். பெரிய குமிழைத் திருகினேன். 'டக்'! கவர் ஸ்லிப் உடைஞ்சது. அரை மணி நேரத்துல கழுத்தும் பிடிச்சுக்கிச்சு.

"எனக்குப் பார்க்கத் தெரியல"ன்னுதான் நினைச்சேன். ஆனா தப்பில் பாதி கருவியோடது.

மாதிரிக்கு மேலே இருக்கும் லென்ஸ் குழாய்தான் அப்ஜெக்டிவ். 4, 10, 40, 100 என நாலு அப்ஜெக்டிவ்கள் ஒரு சுழலும் தட்டில் (நோஸ்பீஸ்) இருக்கும். நல்ல செட்டில் எல்லா லென்ஸுக்கும் ஃபோகஸ் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழும். இதற்குப் பெயர் பார்ஃபோகல். லென்ஸை மாற்றினால் சின்னக் குமிழை லேசாகத் திருகினால் போதும். நான் பார்த்ததில் 40எக்ஸ் மட்டும் வேறொரு செட்டிலிருந்து மாட்டியது. அதனால்தான் பெரிய குமிழுக்குக் கை போனது. 40எக்ஸ் லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்! இதற்காகவே பல லென்ஸ்களின் நுனியில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். இடித்தால் நுனி உள்ளே போகும், ஸ்லைடு பிழைக்கும்.

ஆராய்ச்சி மைக்ராஸ்கோப்பில் இன்னொரு சங்கதி உண்டு: திருகக்கூடிய அப்ஜெக்டிவ். பெரும்பாலான லென்ஸ்களை 0.17 மி.மீ. தடிமன் கவர் ஸ்லிப்புக்காகக் கணக்குப் போட்டிருப்பார்கள். தடிமன் கொஞ்சம் மாறினாலும் ஒளிக்கதிர்கள் ஒரே புள்ளியில் சேராது, படம் பால் கலந்த மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய லென்ஸின் இடுப்பில் ஒரு வளையம், அதாவது கரெக்ஷன் காலர். அதைத் திருகினால் உள்ளே இருக்கும் லென்ஸ்கள் நகரும்.

சிக்கல் எங்கே தெரியுமா? வளையம் கீழே, கண் மேலே. ஒரு கை காலரைத் திருகணும், திருகும்போது ஃபோகஸ் நகரும்; அதை இன்னொரு கை பிடிக்கணும். வளையத்தின் மேல் இருக்கும் எண்ணைப் பார்க்கவே முடியாது, விரல்தான் கண். அதனால் வளையத்தில் சொரசொரப்பான வரிகள் வேணும். ரொம்ப இறுகவும் கூடாது, கை பட்டதும் நழுவவும் கூடாது. விலை உயர்ந்த கருவிகளில் காலரை மோட்டார் திருப்பும். ஏரி மதகுக் கதவைத் தண்ணியில் இறங்காம கரைமேல நின்னு திருகுற மாதிரி!

நோஸ்பீஸிலும் இதே கதைதான். அது நம்மைப் பார்த்து இருந்தால் ஸ்லைடு வைக்கும்போது கை லென்ஸில் இடிக்கும். உள்பக்கம் திரும்பி இருந்தால் முன்னால் இடம் தாராளம்.

"இதெல்லாம் சொகுசுதானே?"ன்னு கேட்கலாம். இல்லை. காசநோய்க்கான சளிப் பரிசோதனையை எடுத்துக்கோங்க. 100எக்ஸ் எண்ணெய் லென்ஸில் குறைந்தது 100 பார்வைப் பரப்புகளைப் பார்த்த பிறகுதான் "கிருமி இல்லை" என்று எழுதலாம். நம்ம ஊர்ப்பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் பெரிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. சந்தேகப்பட்டவர்களின் சளியை எடுத்து அதிலும் பரிசோதித்தார்கள். இன்றைக்கும் கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் குனிஞ்சபடியே ஸ்லைடு பார்க்கும் டெக்னீஷியன்கள் இருக்காங்க. கழுத்து வலிச்சு, கண் எரிஞ்சு, எண்பதாவது பரப்போட நிறுத்திட்டா? மிச்ச இருபதில் கிருமி இருந்தால், ஒரு நோயாளி மருந்து இல்லாமல் வீட்டுக்குப் போவார். இருமல் அவர் குடும்பத்துக்கும் போகும்.

அடுத்த லேப்ல இதைச் செஞ்சு பாருங்க:

• முதல்ல ஸ்டூல் உயரத்தைச் சரிபண்ணுங்க. கண்ணைத் தேடி ஐபீஸ் வரணும், கழுத்து போகக்கூடாது.
• லென்ஸைப் பிடிச்சுத் திருப்பாதீங்க, நோஸ்பீஸ் வளையத்தைப் பிடிங்க.
• 40எக்ஸ்-க்கு மேல பெரிய குமிழைத் தொடவே வேண்டாம்.

மெக்கானிக்கல் நண்பர்களே, ப்ராஜெக்ட் ஐடியா தேடுறீங்களா? காலர்மேல மாட்டி, மேசையில கை வச்சபடியே திருகுற மாதிரி ஒரு 3டி பிரிண்ட் வளையம் செஞ்சு காட்டுங்க. முதல் டெஸ்டுக்கு தென்னேரித் தண்ணி நான் கொண்டு வரேன்!