பொக்காளி வயலுக்கு வரும் குளிர்கால விருந்தாளிகள்

களமசேரியில் ஆலைச் சங்கு கேட்டு விழித்துப் பழகிய நம்மவர்களுக்கு, ஊரில் வயலோரம் நின்று கொக்கு பார்த்த நாட்கள் மறந்திருக்காது. அதற்காக ஊருக்கு ரயிலேற வேண்டியதில்லை. வராப்புழை வழியாகவோ கன்டெய்னர் சாலை வழியாகவோ சென்றால் கடமக்குடித் தீவுகள். சுற்றிலும் காயல், நடுவே பொக்காளி வயல்கள்.

பொக்காளி உப்பைத் தாங்கும் நெல். ஜூன் மழையில் மண்ணின் உப்பு கழுவிப் போனதும் விதைத்து, அக்டோபர் வாக்கில் அறுப்பார்கள். அறுப்பது கதிரை மட்டுமே. தாள் தண்ணீரிலேயே நின்று அழுகும். நவம்பர் நடுவில் தூம்பைத் திறந்து காயல் நீரை உள்ளே விட்டால் இறால் குஞ்சும் கூடவே வரும். அழுகிய தாள் அதற்குத் தீனி. அதன் கழிவு அடுத்த நெல்லுக்கு எரு. யூரியா மூட்டைக்கு வேலையே இல்லை. திருச்சி சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று 1943-ல் தொடங்கிய ஃபாக்ட் உர நிறுவனத்தின் ஏலூருக்குப் பக்கத்திலேயே இப்படியொரு விவசாயம் நடப்பது வேடிக்கைதான்! 2008-ல் இந்த நெல்லுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இறால் காலமும் பறவைக் காலமும் ஒன்று. ஓதம் வடிந்து வயலில் சேறு தெரியும்போது பொரி உள்ளான்கள் இறங்கும். சைபீரியா போன்ற வடதேசங்களிலிருந்து வருபவை இவை. ஏறக்குறைய ஒரு சாண் நீளம் இருப்பவை. மஞ்சள் வாலாட்டிகள் வரப்பில் ஓடும். மீசை ஆலாக்கள் நீரைத் தொட்டுத் தொட்டு மீன் எடுக்கும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் போதும், வயல் முழுவதும் ஒரே கூச்சலாய் எழும்பும். அந்த ஒரு காட்சிக்காகவே விடியற்காலைத் தூக்கத்தை விடலாம். பறவை நிபுணர் சாலிம் அலி 1933-ல் திருவாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் ஆய்வு நடத்தியவர். மலையாளிகளுக்கு இந்துசூடனின் 1958-ஆம் ஆண்டுப் பறவை நூல் இருக்கிறது.

விவசாயிக்கோ பறவை எல்லாம் விருந்தாளி அல்ல. நீலத்தாழைக்கோழி நெற்பயிரை முறித்துப் போடுகிறது. நீர்க்காகம் இறாலைத் தின்கிறது. அறுப்புக்கு ஆள் கிடைப்பதும் அரிது. இடுப்பளவு சேற்றில் இறங்கி அறுக்க யார் வருவார்கள்? அதனால் நெல்லை விட்டு ஆண்டு முழுவதும் மீனும் இறாலுமே வளர்ப்போர் பெருகிவிட்டனர். ‘ஒரு நெல், ஒரு மீன்’ என்ற முறை இருந்தும் பல வயல்களில் நெல் இல்லை. எந்நேரமும் ஆழமாய் நீர் நிற்கும் இடத்தில் நீர்க்காகம் நீந்தும். குட்டைக்கால் உள்ளானுக்குக் கால் வைக்க இடமேது? நெல் போனால் அதுவும் போகும்.

போகிறவர்கள் ஏப்ரலுக்குள் போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் உள்ளான்களும் வடக்கே கிளம்பிவிடும். ஓத நேரத்தை அங்குள்ள மீன்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தூம்பு இருக்கும் வரப்பில் மட்டும் அனுமதியில்லாமல் ஏற வேண்டாம். இறால் திருட்டுக்குப் பயந்து இரவெல்லாம் காவல் இருப்பவர்களுக்கு, பைனாகுலர் மாட்டிய அந்நியர் மேல் சந்தேகம் வருவது சகஜம்.